பாஸ்வேர்ட் மேனேஜர் மாற்றியதும் சில கணக்குகளில் மட்டும் நுழைய முடியவில்லை, உதவுங்கள்

கும்பகோணத்தான்:
வணக்கம். சந்தா கட்டுப்படியாகாததால் பழைய பாஸ்வேர்ட் மேனேஜரை விட்டு பிட்வார்டனுக்கு மாறினேன். பழையதிலிருந்து பதிவுகளை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எடுத்து, எக்செலில் திறந்து, வேண்டாத கணக்குகளை நீக்கிச் சேமித்து ஏற்றினேன். 180 பதிவுகளும் வந்துவிட்டன. ஆனால் அப்பாவின் பென்ஷன் வரும் வங்கிக் கணக்கு திறக்க மாட்டேன் என்கிறது. இரண்டு முறை தப்பாகிவிட்டது. இன்னொரு முறை போட்டால் பூட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

வைகைக்கரை:
மூன்றாவது முறை போடாதீர்கள். பழைய கணக்கை மூடவில்லை அல்லவா? அந்தப் பதிவைப் பழையதிலும் புதியதிலும் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

கும்பகோணத்தான்:
நல்லவேளை, மூடவில்லை. யூசர் ஐடி பழையதில் 00471839, புதியதில் 471839! இன்னொரு தளத்துக்கு = குறியில் தொடங்கும் பாஸ்வேர்ட் வைத்திருந்தேன். அந்த இடத்தில் ஏதோ பிழைச் செய்திதான் இருக்கிறது.

வைகைக்கரை:
எக்செலின் வேலைதான். சிஎஸ்வியைத் திறந்ததுமே 00471839-ஐ எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தள்ளிவிடும். = வந்தால் சூத்திரம் என்று நினைத்துக்கொள்ளும். 16 இலக்க கார்டு எண் எங்காவது இருந்தால் அதையும் பாருங்கள். 15 இலக்கத்துக்கு மேல் அதற்கு நினைவில் நிற்காது, கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும்.

அந்தக் கோப்பைச் சரிசெய்ய உட்காராதீர்கள். பழையதிலிருந்து புதிதாக ஒன்று எடுங்கள். பிட்வார்டன் வலைத்தளத்தில் அமைப்புகளுக்குள் போய் பெட்டகத்தை (பதிவுகள் எல்லாம் சேமித்திருக்கும் இடம்) முழுவதும் காலி செய்யுங்கள், இல்லையென்றால் எல்லாம் இரண்டிரண்டாக வந்து நிற்கும். அப்புறம் கோப்பைத் திறக்காமல் அப்படியே ஏற்றுங்கள். வேண்டாததை உள்ளே போய் நீக்கிக்கொள்ளலாம்.

மழைக்காலம்:
ஒன்று சேர்க்கிறேன். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழையப் பயன்படும் டிஜிட்டல் சாவி), இணைத்து வைத்த கோப்புகள் எல்லாம் சிஎஸ்வியில் வராது. பாஸ்கீ வைத்த தளங்களில் புதிதாகப் பதிய வேண்டும். அந்தக் கோப்பு யார் திறந்தாலும் படிக்கக்கூடிய வெறும் எழுத்து என்பதால் அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும்.

கும்பகோணத்தான்:
ஏற்றிவிட்டேன், பூஜ்யங்கள் வந்துவிட்டன. அப்பா கணக்கு திறந்தது, இந்த மாதப் பென்ஷனும் ஏறியிருக்கிறது. இருவருக்கும் மிக்க நன்றி. ஆனால் முதலில் எடுத்த கோப்பை எனக்கே மெயிலில் அனுப்பியிருந்தேன். அதை அழித்தால் போதுமா?

மழைக்காலம்:
அனுப்பியவை, வந்தவை, குப்பை மூன்றிலும் அழியுங்கள். ஜிமெயில் குப்பையில் 30 நாள் இருக்கும். அழித்தாலும் மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை இன்றே மாற்றிவிடுங்கள், மெயிலை முதலில்.