புதுப்பிப்பு: பிளேஸ்டேஷன் 5-உம் கேமிங் கணினியும் – என் கணக்கில் ஒரு திருத்தம்

பிளேஸ்டேஷன் 5-இன் கிராபிக்ஸ் திறன் 10.28 டெராஃபிளாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குகளைச் செய்யும் என்ற அளவு) என்பதால், அதே எண்ணிக்கை கொண்ட கிராபிக்ஸ் கார்டைக் கணினியில் பொருத்தினால் இரண்டும் சமமாகிவிடும் என்று இந்த இழையின் முதல் பதிவில் எழுதியிருந்தேன். அது தவறு.

நான் கவனிக்கத் தவறியது நினைவகம். 2020 நவம்பரில் வெளிவந்த அந்தக் கன்சோலில் 16 ஜிபி ஜிடிடிஆர்6 நினைவகத்தைச் செயலியும் கிராபிக்ஸும் பொதுவாகப் பகிர்ந்துகொள்கின்றன. கணினியிலோ ரேம் தனி, கார்டின் நினைவகம் தனி என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தரவு பிசிஐஇ எனும் இணைப்புத் தடம் வழியாகவே செல்ல வேண்டியிருக்கிறது. என்னுடைய 8 ஜிபி கார்டில் உயர்தர டெக்ஸ்சர்களை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) தேர்ந்தெடுத்தபோது ஆட்டம் இடையிடையே திணறியதற்குக் காரணம் கணிப்புத் திறன் அல்ல, நினைவகம் நிரம்பியதுதான் என்பதைக் கண்காணிப்பு மென்பொருளில் கண்டபின்தான் இது எனக்கு உறைத்தது.

எஸ்எஸ்டி (தரவைச் சேமித்து வைக்கும் வேகமான சேமிப்பகம்) விஷயத்திலும் நான் வேகத்தை மட்டுமே ஒப்பிட்டேன். கன்சோல் நொடிக்கு 5.5 ஜிபி படிப்பதோடு, சுருக்கப்பட்ட தரவை விரிக்கத் தனிச் சுற்றையும் வைத்திருக்கிறது. கணினியில் அந்தச் சுமை பெரும்பாலும் செயலியின் தலையில் விழுகிறது.

செயலியைப் பொறுத்தவரை கணினியே மேல் என்ற என் கருத்து மாறவில்லை. இரண்டிலும் ஏஎம்டியின் ஜென் 2 வகைக் கோர்கள் எட்டு இருந்தாலும், கணினிச் செயலியான ரைசன் 7 3700எக்ஸில் 32 எம்பி எல்3 கேச் (செயலிக்குள்ளேயே இருக்கும் வேகமான தற்காலிக நினைவகம்) உள்ளது, கன்சோலில் 8 எம்பி மட்டுமே. நொடிக்கு 120 பிரேம்களை விரும்புவோருக்குக் கணினியையே இன்றும் பரிந்துரைப்பேன், ஆனால் 12 ஜிபிக்குக் குறைந்த கார்டை வாங்க வேண்டாம்.