வெள்ளம் வடிந்த கிணறு: நாள் கணக்கை நம்பலாமா?

சங்க உறவுகளுக்கு வணக்கம்.

"கடிலம் ஆத்து வெள்ளம் வடிஞ்சு இருபது நாள் ஆச்சு, கிணத்துத் தண்ணி தெளிஞ்சிடுச்சு, இனிமே பிளீச்சிங் எதுக்கு?" என்று ஊரிலிருந்து வந்த கேள்விக்கு இது பதில். தெளிந்தது சேறு. கிருமி வேறு கணக்கு.

20 முதல் 30 டிகிரி சூடுள்ள நன்னீரில், காலரா கிருமியும் சீதபேதி தரும் ஷிகெல்லாவும் பெரும்பாலும் பத்து நாளில் அடங்கும். சில சமயம் ஒரு மாதம் இழுக்கும். மலத்திலிருந்து வரும் ஈ.கோலை, டைஃபாய்டு வகையறாவான சால்மொனெல்லா இரண்டும் வழக்கமாக ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு. குடல் வைரஸ்கள் ஐம்பது நாள் சாதாரணமாக இருக்கும், நான்கு மாதம்கூடத் தாங்கும். உருண்டைப்புழு முட்டை பல மாதம் கிடக்கும். இவையெல்லாம் கடைசியாகக் கழிவு கலந்த நாளிலிருந்து எண்ண வேண்டியவை. பக்கத்து செப்டிக் டேங்க் இன்னும் கசிகிறதென்றால் தினமும் ஒன்றாம் நாள்தான். கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் 15 மீட்டராவது இடைவெளி கேட்பது இதனால்தான்.

வெயில் படும் குளத்தில் கிருமி சீக்கிரம் சாகும். மூடிய உறைக்கிணற்றின் இருட்டும் குளிர்ச்சியும் அதற்குத் தோது. அடிச்சேற்றில் ஒட்டியது இன்னும் நாள் பிடிக்கும். மோட்டார் போட்டதும் கலங்கி மேலே வரும். காலரா கிருமிக்கோ உப்பங்கழிதான் பிறந்த வீடு, தண்ணீரில் மிதக்கும் பொடி உயிரிகளைப் பற்றிக்கொண்டு மனிதர் தயவில்லாமலே வாழும். (பங்களாதேஷில் பழைய பருத்திப் புடவையை எட்டு அடுக்காக மடித்து வடிகட்டியதில் காலரா ஏறக்குறைய பாதி குறைந்ததும் இதனால்தான். புதுப் புடவை அவ்வளவு உதவாது, துவைத்துத் துவைத்து இழை நெருங்கியிருக்க வேண்டும்.)

இனி கிணற்று வேலை. முதலில் கலங்கலை இறைத்து வெளியேற்றுங்கள். சேற்றில் போட்ட குளோரினைச் சேறே தின்றுவிடும். ஆனால் நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது ஒரேயடியாக அடிவரை இறைக்காதீர்கள், வெளி அழுத்தத்தில் மணல் சரிந்து உறை பிசகும். விஷவாயு இருக்கலாம், ஆளை உள்ளே இறக்கவே வேண்டாம்.

தண்ணீர் அளவு: விட்டம் × விட்டம் × நீர் ஆழம் (மீட்டரில்) × 785 = லிட்டர். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் நீர் என்றால் சுமார் 9,400 லிட்டர். சாதாரண நாளில் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், ஆக இதற்கு 24 கிராம் போதும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு ஆயிரத்துக்கு 65 கிராம், அதாவது 600 கிராம். பிளாஸ்டிக் வாளியில், வாளிக்கு 100 கிராமுக்கு மேல் போகாமல், குழைத்து நீர் விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேல்தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றில் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். வெள்ள அளவு போட்டால் இரவு முழுக்க விட்டு, வாடை போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள்.

பவுடர்தான் பலருக்கும் காலை வாரும். கடற்கரை ஈரத்தில் திறந்த மூட்டை சீக்கிரம் செத்துவிடும். புதிதில் 33 சதவீதம் குளோரின் இருக்கும். கட்டி தட்டி, நெடியில்லாமல் கிடப்பதை எவ்வளவு கொட்டினாலும் வெறும் சுண்ணாம்புதான். அதனால் வழக்க அளவு போட்ட ஒரு மணி நேரம் கழித்துக் குளோரோஸ்கோப்பில் (தண்ணீரில் மிஞ்சிய குளோரினை நிறத்தால் காட்டும் சிறு கருவி) பாருங்கள், லிட்டருக்கு அரை மில்லிகிராம் மிச்சம் நிற்க வேண்டும்.

மலக்கிருமி இருந்தால் பாட்டில் கருப்பாகும் எச்.டூ.எஸ். சோதனையைக் குளோரின் முழுக்கப் போன பிறகே செய்யுங்கள், இல்லையென்றால் பொய்யாக நல்ல முடிவு காட்டும். வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு மசியாது. ஆகவே குழந்தைகளுக்கு ஒரு நிமிடமாவது தளதளவெனக் கொதித்த நீர்தான்.

கிணற்றின் விட்டமும் நீர் ஆழமும் யாராவது அளந்து அனுப்பினால், தெருவாரியாகப் பவுடர் கணக்குப் போட்டு அனுப்புகிறோம்.