நடுவயது பிரஷரும் பிற்கால மறதியும்: எந்த வயது அளவை நம்புவது?

கரிசல்காடு கேட்டது:
நடுவயதில் பிரஷர் கூடினால் பிற்காலத்தில் டிமென்ஷியா (மறதிநோய்) வரும் வாய்ப்பு கூடும் என்கிறார்கள். ஆனால் 75, 80 வயதுக்காரர்களை வைத்துச் செய்த சில ஆய்வுகளில் பிரஷர் குறைவாக இருந்தவர்களுக்கே மறதி அதிகம் என்று வருகிறது. இது எப்படி? 48 வயதில் மேல் அளவு 134, 136 என்றே நிற்கும் ஒருவர் மாத்திரை தொடங்க வேண்டுமா?

நாடிக்காரர்:
இரண்டுமே சரி. மறதி வெளியே தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே மூளையில் நோய் தொடங்கிவிடுகிறது. அந்தக் காலத்தில் உடல் எடையும் இறங்கும், பிரஷரும் இறங்கும். ஆக 78 வயதில் அளந்த 110 பல நேரம் நோயின் விளைவுதான், காரணம் அல்ல.

லண்டன் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. 50 வயதில் மேல் அளவு 130 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு டிமென்ஷியா ஆபத்து 38 சதவீதம் கூடுதல். 60, 70 வயதில் அதே அளவு இருந்தபோது அந்தத் தொடர்பு தெரியவில்லை. அமெரிக்காவின் ஏரிக் ஆய்வு 1987–89இல் 44 முதல் 66 வயது வரை உள்ளவர்களைச் சேர்த்தது. அதில் டிமென்ஷியா ஆபத்து பிரஷர் உள்ளவர்களுக்கு 39 சதவீதம் கூடுதல், புகைப்பவர்களுக்கு 41, சர்க்கரை நோயாளிகளுக்கு 77! எல்லாரும் பிரஷரைப் பற்றியே பேசுகிறோம், சுகரை விட்டுவிடுகிறோம்.

மூளையின் ஆழத்துக்குப் போகும் நுண்தமனிகள் பெரிய குழாயிலிருந்து நேராகக் கிளைப்பவை. அழுத்தம் படிப்படியாகத் தணிய அங்கே வழியில்லை. வருடக்கணக்கில் அடிவாங்கிச் சுவர் தடித்து, அடைத்த இடத்தில் 3 முதல் 15 மி.மீ. அளவில் சிறு குழிகள் விழும். இப்படி நுண்தமனி கெட்டு வரும் டிமென்ஷியாவில் முதலில் கெடுவது பெரும்பாலும் ஞாபகம் அல்ல. யோசிக்கும் வேகம், திட்டமிடல், நடை இவைதான். பல வருடம் வீட்டுக் கணக்குப் பார்த்தவர் திடீரெனத் திணறினால் கவனியுங்கள்.

அளவுகோல்:
அந்த 134 எங்கே எடுத்தது? கிளினிக்கில் படி ஏறி வந்து உட்கார்ந்ததும் எடுத்ததென்றால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

வீட்டில் ஏழு நாள் பாருங்கள். மணிக்கட்டு மெஷின் வேண்டாம், மேல்கைப் பட்டை உள்ளதே நல்லது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை மேசையில் இதய உயரத்தில் வையுங்கள். தொங்கவிட்டால் அளவு கூடிக் காட்டும். காலையில் மாத்திரை, காபிக்கு முன் இரண்டு தடவை, ஒரு நிமிட இடைவெளி விட்டு. இரவிலும் அப்படியே. முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி. ஐரோப்பிய வழிகாட்டுதல்படி வரம்பு வீட்டு அளவில் 135/85.

அதிகம் நடக்கும் தப்பு பட்டையில்தான். பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிரஷர் வரும்.

நாடிக்காரர்:
மாத்திரை பற்றி: 2025 அமெரிக்க வழிகாட்டுதல்படி 130–139 உள்ளவருக்கு வேறு ஆபத்துகள் இல்லையென்றால் முதலில் 3 முதல் 6 மாதம் உப்பு, எடை, நடை. அப்புறமும் 130/80க்குக் கீழ் வரவில்லையென்றால் மருந்து. சுகரோ கிட்னிப் பிரச்சினையோ இருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. உப்பு மொத்தம் நாளுக்கு 5 கிராம், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இதற்குள் அடக்கம்.

வடகரை:
எல்லாரையும் 120க்கு இறக்கிவிடலாம் என்று யாராவது கிளம்புவதற்கு முன் ஒரு வார்த்தை. ஸ்பிரிண்ட் என்ற அமெரிக்கப் பிரஷர் சிகிச்சை ஆய்வில் 120க்குக் கீழ் இலக்கு வைத்தவர்களுக்கு லேசான அறிவாற்றல் குறைபாடு (டிமென்ஷியாவுக்கு முந்தைய நிலை) 19 சதவீதம் குறைந்தது. டிமென்ஷியாவில் குறைவு புள்ளியியல்படி உறுதியாகவில்லை. சர்க்கரை நோயாளிகளை அதில் சேர்க்கவே இல்லை. டிமென்ஷியாவே குறைந்தது சீனக் கிராமங்களில் நடந்த ஆய்வில்: 326 கிராமங்கள், சுமார் 34,000 பேர், கிராம வைத்தியர்களே மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள், இலக்கு 130/80க்குக் கீழ். நான்கு வருடத்தில் 15 சதவீதம் குறைவு.

இறக்கினால் மூளைக்கு நல்லது என்ற கணக்கு சுகருக்குச் செல்லாது. சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த அக்கார்டு ஆய்வில் சர்க்கரையை மிகவும் இறுக்கிப் பிடித்தும் அறிவாற்றலில் பலன் இல்லை. வயதானவர்களுக்குத் தாழ்சர்க்கரை வந்தால் அதுவே மூளைக்குக் கேடு.

பெரியவர்களுக்கு மருந்து கூட்டும்போது நிற்கவைத்தும் அளந்து பாருங்கள். எழுந்த ஒன்றாம், மூன்றாம் நிமிடத்தில் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டோஸைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.