எச் வகையா, எல் வகையா?
விண்கல்லாக இருக்குமோ என்று நான் நினைக்கும், கைவசமுள்ள ஒரு கல்லைப் பற்றி அனுபவமுள்ளவர்களின் கருத்து தேவை. மெல்லிய கறுப்பு மேலோடு; காந்தம் நன்றாகவே ஒட்டுகிறது. மெருகில்லாத பீங்கானில் தேய்த்தால் கறுப்போ சிவப்போ கோடு விழவில்லை, ஆகவே மேக்னடைட், ஹேமடைட் ஆகிய இரும்புத் தாதுக்களை ஒதுக்கிவிட்டேன். குமிழ்த் துளைகள் இல்லாததால் உலைக் கசடாகவும் தோன்றவில்லை. ஒரு மூலையை அரைத்ததில் சாம்பல் நிறப் பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய உருண்டைகளும் உலோக மினுக்கும் தெரிகின்றன. இவை பல விண்கற்களில் காணப்படும் காண்ட்ரூல் என்னும் உருண்டைகள்தானே?

அப்படியானால், காண்ட்ரூல் கொண்ட விண்கற்களில் இது இரும்பு மிகுந்த எச் வகையா, குறைந்த எல் வகையா? ஆய்வகத்தில் ஆலிவின் என்ற கனிமத்தைப் பகுப்பாய்வு செய்வதற்கு முன், காந்த ஏற்புத்திறனை (காந்தப்புலத்தில் கல் எந்த அளவுக்குக் காந்தமாகிறது என்பதை) அளந்து ஓரளவு ஊகிக்கலாமா?

இன்னொன்று. எச்.இ.டி. எனப்படும் விண்கற்கள் வெஸ்டா என்ற சிறுகோளிலிருந்து வந்தவை என்பதற்கு, 2011இல் அங்கு சென்ற டான் விண்கலத்தின் தரவுகள் வலுச்சேர்த்தன. எச் வகையின் பிறப்பிடமாக ஹீபி சிறுகோளைச் சொல்கிறார்களே, அது அந்த அளவுக்கு உறுதியானதா?

விலை கேட்டு எழுத வேண்டாம்; விற்கும் எண்ணமில்லை.