தங்கைக்கு எம்எஸ்: நடையை அளக்க வாட்ச் போதுமா, இடுப்பில் கட்டும் சென்சார் வேண்டுமா?

உறையூர் அக்கா எழுதியது:

வணக்கம். என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (எம்எஸ்), மூளை, தண்டுவட நரம்புகளைச் சேதப்படுத்துகிற நோய். சில வருடங்களாக மருந்தில் இருக்கிறாள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை நரம்பு டாக்டரைப் பார்க்கிறோம். அங்கே வராந்தாவில் 25 அடிக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், அதில் நடக்கச் சொல்லி ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பார்ப்பார்கள். காலை நேரம், ஏசி, ராத்திரி நன்றாகத் தூங்கிய உடம்பு, அவளும் விறுவிறுவென்று நடந்துவிடுகிறாள். டாக்டர் "போன தடவை மாதிரியேதான் இருக்கு" என்று எழுதிவிடுகிறார்.

சாயங்காலம் வீட்டில் பார்த்தால் வேறு ஆள். சமையலறையிலிருந்து ஹாலுக்கு வருவதற்குள் வலது கால் டைல்ஸில் உரசுகிற சத்தம் கேட்கும், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். வலது செருப்பின் முனை தேய்ந்து பட்டையாகிவிட்டது, இடது செருப்பு இன்னும் புதுசாக இருக்கிறது. டாக்டரிடம் இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தால் "அக்கா சும்மா பயப்படுறா டாக்டர்" என்று அவளே என்னை அடக்கிவிடுகிறாள்.

அதனால் ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். வெளியே போனால் வாக்கிங் ஸ்டிக் வைத்துக்கொள்வாள். அப்படி நடந்தாலும் வாட்ச் சரியாகக் கணக்கெடுக்குமா? இடுப்பில் கட்டுகிற சென்சார் என்று ஒருவர் சொன்னார், அது என்ன? முக்கியமாக, அந்தக் கணக்கை டாக்டர் மதிப்பாரா?

---

நரம்பு பிசியோ எழுதியது:

அக்கா, முதலில் அந்தச் செருப்பு ஜோடியை அடுத்த தடவை கையோடு எடுத்துப் போய் டாக்டர் மேஜைக்கு முன்னால் வையுங்கள். பாதத்தை மேலே தூக்குகிற தசைக்கு நரம்பு உத்தரவு சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இதை ஃபுட் டிராப் என்போம். எம்எஸ்ஸில் பலருக்கு இது நடக்க நடக்கத்தான் வெளியே வரும், முதல் சில அடிகளில் தெரியவே தெரியாது. 25 அடி என்பது 7.62 மீட்டர், கால் களைப்பதற்குள் சோதனையே முடிந்துவிடும். அந்தச் சோதனை வீண் என்று சொல்லவில்லை, நேரம் 20 சதவீதம் கூடினால் அதை உண்மையான மாற்றமாக எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் உங்கள் தங்கையின் பிரச்சினை அதில் பிடிபடாது. ஆறு நிமிட நடைச் சோதனை செய்யக் கேளுங்கள். முதல் நிமிடத்தில் போன தூரத்தையும் ஆறாவது நிமிடத்தில் போன தூரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே பாதி கதை தெரிந்துவிடும்.

ஈடிஎஸ்எஸ் என்று ஃபைலில் ஒரு எண் எழுதியிருப்பார்கள், எம்எஸ்ஸால் உடம்பு எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதற்கான அளவு, 0 முதல் 10 வரை. அதில் 4-க்கு மேல் போனால் பெரும்பாலும் நடக்கிற தூரம்தான் கணக்கு. உதவியில்லாமல் 500 மீட்டர் போனால் 4, 200 மீட்டர் என்றால் 5, ஒரு பக்கம் ஸ்டிக் பிடித்து 100 மீட்டர் என்றால் 6. நடைமுறையில் 500 மீட்டரை யார் நடக்க வைத்துப் பார்க்கிறார்கள்? "எவ்வளவு தூரம் நடப்பீங்க?" என்று கேட்பார்கள், பேஷன்ட் ஒரு குத்துமதிப்பு சொல்வார். உங்கள் தங்கை மாதிரி ஆட்கள் கூட்டித்தான் சொல்வார்கள். சென்சார் உதவுவது இந்த இடத்தில்தான்.

கையில் கட்டுகிற வாட்ச் பற்றி: சுவரைப் பிடித்த கையும் ஸ்டிக் பிடித்த கையும் வீசாது. கை வீசாமல் மெதுவாக நடந்தால் வாட்ச் பல அடிகளை விட்டுவிடும். அவள் அன்றைக்கு நடக்கவே இல்லை என்று காட்டும், அதை நம்பி நீங்கள் பதறிவிடக் கூடாது.

---

ஆறு அச்சு எழுதியது:

நான் மோஷன் சென்சார் வேலையில் இருக்கிறேன், நோயாளிகளைப் பற்றி பிசியோ சொன்னதுக்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, கருவி பற்றி மட்டும் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது ஒன்றுதான், அசைவின் முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டர், பலவற்றில் கூடவே திரும்புவதை அளக்கும் ஜைரோஸ்கோப். வித்தியாசம் அதை எங்கே கட்டுகிறோம் என்பதில். குதிகால் தரையில் படும்போது உடம்பில் ஒரு அதிர்வு ஏறும், சென்சார் அதைத்தான் ஓர் அடி என்று எண்ணுகிறது. காலை இழுத்து நடந்தால் அந்த அதிர்வு மழுங்கிவிடும். மணிக்கட்டு காலிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிறது, அங்கே போவதற்குள் ஒன்றும் மிஞ்சாது. கீழ் முதுகில், முதுகெலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் வைத்தால் உடம்பின் மொத்த அசைவும் கிடைக்கும். கணுக்காலில் வைத்தால் மெதுவான அடியையும் விடாமல் எண்ணும்.

இடுப்பு சென்சார் என்று உங்களிடம் சொன்னவர் மொபிலைஸ்-டி மாதிரி ஆராய்ச்சியைப் பற்றிப் படித்திருக்கலாம். 2019-இல் ஐரோப்பாவில் தொடங்கியது, இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தியது. எம்எஸ், பார்க்கின்சன், நாள்பட்ட நுரையீரல் நோய், இடுப்பெலும்பு முறிவு என்று நாலு வகை ஆட்களுக்குக் கீழ் முதுகில் ஒரே ஒரு சின்ன சென்சார் வைத்து, ஒரு வாரம் வீட்டு வாழ்க்கையிலேயே அளந்தார்கள். அதில் மையமாக எடுத்துக்கொண்டது எத்தனை அடி என்பதை அல்ல, எவ்வளவு வேகம் என்பதை. காரணம் நியாயமானது. வீட்டில் விசேஷம் என்றால் அடி கூடும், மழை பெய்தால் குறையும், அது நோயின் கணக்கு ஆகாது. வேகம் அவ்வளவு சுலபமாக ஆடாது.

ஒன்று மட்டும் கவனம். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே யாரும் வேகமெடுக்க முடியாது, எடுப்பதற்குள் திரும்ப வேண்டும். ஆரோக்கியமான ஆளுக்கும் வீட்டு வேகம் ஆஸ்பத்திரி வேகத்தைவிடக் குறைவாகத்தான் வரும். அதனால் அந்த இரண்டையும் ஒப்பிட வேண்டாம், போன மாத வீட்டு நடையோடு இந்த மாத வீட்டு நடையை ஒப்பிடுங்கள்.

ஐபோன் இருந்தால் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் நடை வேகம், அடி நீளம், இரண்டு பாதமும் சேர்ந்து தரையில் இருக்கும் நேரம் எல்லாம் அதுவாகவே பதிவாகிறது. ஆனால் போன் இடுப்போடு ஒட்டி இருக்க வேண்டும். சுடிதாரில் பாக்கெட் கிடையாது, ஹேண்ட்பேக்கில் போட்டால் பயனில்லை. இடுப்பில் கட்டுகிற துணிப்பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்டர் மதிப்பாரா என்றால், மருந்துகளை அனுமதிக்கிறவர்களே மதிக்கத் தொடங்கிவிட்டார்கள். டூஷேன் தசைநோய் உள்ள பிள்ளைகளுக்குக் கணுக்கால் சென்சாரில் எடுத்த நடை வேகத்தை மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆய்வுகளில் ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் துணை அளவீடாக ஏற்றது, 2023-இல் முதன்மை அளவீடாகவே ஏற்றது.

---

வெயில் பிடிக்காதவள் எழுதியது:

எனக்கே எம்எஸ் இருக்கிறது. உங்கள் தங்கை பக்கத்திலிருந்து கொஞ்சம் பேசுகிறேன் அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"அக்கா சும்மா பயப்படுறா" என்று அவள் சொல்வதில் ஒரு பயம் இருக்கிறது. நடை மோசமாகிறது என்று ஃபைலில் ஏறிவிட்டால் அப்புறம் அது நிஜமாகிவிடும் என்ற பயம், நான் அதில் வாழ்ந்திருக்கிறேன். நீங்கள் வாங்கி அவள் கையில் கட்டிவிட்டு ராத்திரி ராத்திரி எண்ணைப் பார்த்தால் அவளுக்கு அது காவல்தான். கணக்கு அவள் போனில் இருக்கட்டும், யாருக்குக் காட்டுவது என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

ஆனால் அளப்பது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் எம்எஸ் உள்ள 95 பேருக்கு அடி எண்ணும் ஃபிட்பிட் பட்டை கொடுத்து ஒரு வருடம் பார்த்தார்கள், 2019-இல் வெளியானது. 25 பேருக்கு அடிகள் நன்றாகவே குறைந்தன, அதில் 12 பேருக்கு ஆஸ்பத்திரிச் சோதனைகளில் எந்த இறக்கமும் தெரியவில்லை. உங்கள் வீட்டில் நடப்பதும் இதுதானோ என்னவோ. இன்னொரு ஆய்வில் ஒரு நாளைக்குச் சுமார் 800 அடி மாறினால்தான் பொருட்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டார்கள், அதனால் ஒரு நாள் நூறு இருநூறு குறைவதற்கெல்லாம் கலங்க வேண்டாம். வார சராசரியைப் பாருங்கள்.

அப்புறம் வெயில். சூடு ஏறினால் சேதமான நரம்பில் தகவல் இன்னும் மந்தமாகப் போகும், அக்னி நட்சத்திரத்தில் என் அடிகள் பாதாளத்துக்குப் போகும், உடம்பு ஆறியதும் திரும்பி வரும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று வந்தாலும் இப்படித்தான். கணக்குக்குப் பக்கத்தில் "வெயில்", "காய்ச்சல்", "தூக்கமில்லை" என்று ஒரு வார்த்தை எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் புதிய தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் அது ரிலாப்ஸாக, அதாவது நோயின் புதிய தாக்குதலாக இருக்கலாம், அப்போது எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

---

உறையூர் அக்கா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, கடைசிப் பதிலை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் "சரி, ஆனா என் போன்லதான் இருக்கணும்" என்றாள். கணுக்காலில் கட்டலாம் என்கிறாள். எந்தக் கால்? கொலுசு போட்டிருக்கிறாள், அது இடிக்குமா?

---

ஆறு அச்சு எழுதியது:

எண்ணுவதற்கு நல்ல கால்தான் தோது, அதாவது இடது கால், தினமும் அதே கால். அந்தக் காலில் மட்டும் கொலுசைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், சென்சார் மேல் தட்டிக்கொண்டே இருந்தால் அந்த ஆட்டமும் கணக்கில் சேரலாம். கை வாட்ச்சையே காலில் கட்டினால் நாடித்துடிப்பு சரியாக வராது, அதை விட்டுவிடுங்கள். கட்டியதும் அவளை நடக்கச் சொல்லி நீங்கள் வாய்விட்டு நூறு அடி எண்ணுங்கள். சில கருவிகள் கட்டிய காலின் அடியை மட்டும் எண்ணி ஐம்பது காட்டும், அது பரவாயில்லை, எப்போதும் அதே அளவு வருகிறதா என்பதுதான் கேள்வி. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் கால் இழுக்கிற நேரத்தில் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். சாயங்காலம் மட்டும் கருவி விட்டுவிடுகிறது என்றால் அந்தக் கருவி உங்களுக்கு ஆகாது.

---

நரம்பு பிசியோ எழுதியது:

எண்ணும்போதே போனில் வீடியோவும் எடுத்துவிடுங்கள், முழங்காலுக்குக் கீழே தெரிகிற மாதிரி, பக்கவாட்டிலிருந்து. டாக்டருக்கு நேரம் இருக்காது, வார சராசரி ஒரு தாளில், காலை வீடியோ, சாயங்கால வீடியோ, செருப்பு, அவ்வளவு போதும். பாதத்தைத் தாங்கிப் பிடிக்கிற ஏஎஃப்ஓ பட்டை அவளுக்கு வேண்டுமா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள், கால் தடுக்கி ஒரு தடவை விழும்வரை காத்திருக்க வேண்டாம்.