பஸ்ஸிலேயே குமட்டுகிறது, ராக்கெட்டில் என்ன ஆகும்?

அண்ணன்களே, அக்காக்களே, ஒரு உதவி. நான் பதினொன்றாம் வகுப்பு, ஊர் வள்ளியூர் பக்கம். ராக்கெட் இன்ஜின் சோதிக்கிற மகேந்திரகிரி பக்கத்தில்தான். 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதிலிருந்து எனக்கு விண்வெளி நினைப்புதான்.

ஆனால் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வருகிறது. தங்கச்சி கேலி செய்தே கொல்கிறாள். விண்வெளி வீரர்களில் பாதிப் பேருக்கு மேல் முதல் இரண்டு மூன்று நாள் குமட்டுமாம். எடையில்லாத நிலையில் உள்காது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாதாம். கொஞ்சம் ஆறுதல்.

அடுத்த மாதம் பள்ளியில் தும்பா விண்வெளி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறார்கள், பஸ்ஸில்தான். எலுமிச்சம்பழம், முன் சீட்டு எல்லாம் பார்த்தாச்சு. மாத்திரை போட்டால் தூங்கிவிடுவேன், அப்புறம் எதைப் பார்ப்பது? இந்தப் பாடு பட்டவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள், சொல்லுங்களேன்.