மூன்றரை வயசு, பென்சிலை முழுக்கையால் பிடிக்கிறான்: எழுத வைக்கணுமா, விளையாட விடலாமா?

குட்டிம்மா_அம்மா:
பையன் ப்ரீ-கேஜி. தினமும் ஒரு பக்கம் 'அ' எழுதச் சொல்லி ஹோம்வொர்க் வருது. பென்சிலை உலக்கை மாதிரி பிடிக்கிறான், ரெண்டு வரியில் அழுகை. விரலுக்குப் பழக்கம் கொடுக்கிற விளையாட்டு ஏதாவது சொல்லுங்க. வீட்டில் இருக்கிற பொருளே போதும்னா நல்லது.

மழலைக்கூடம்:
இந்த வயசில் 'அ' அதிகம்தாங்க. சுழி, வளைவு, கோடு மூணும் கையை எடுக்காமல் வரணும். பொதுவா 3 வயசில் வட்டம், 4-ல் கூட்டல் குறி, நாலரையில் சதுரம், 5-ல் முக்கோணம் பார்த்து வரைவாங்க. மணிக்கட்டு எலும்புகளும் இன்னும் முழுசா உருவாகலை. எழுத்துதான் வேணும்னா ட, ப மாதிரி நேர்கோட்டு எழுத்தில் தொடங்கச் சொல்லி டீச்சர்கிட்ட பேசுங்க.

பென்சிலை எடுத்து வெச்சிட்டு, க்ரேயானை 2-3 செ.மீ. துண்டா உடைச்சுக் கொடுங்க. அவ்வளவு சின்னதை முழுக்கையால் பிடிக்க முடியாது, தானா விரல் நுனிக்கு வந்துடும். காகிதத்தைச் சுவரில் அவன் கண் உயரத்தில் ஒட்டுங்க. நின்னு வரையும்போது மணிக்கட்டு பின்னால் வளையும், தோளும் சேர்ந்து வேலை செய்யும். கோட்டுக்குள் கலர் அடிக்கிற புத்தகம் இப்போ வேண்டாம்.

மாவு_டப்பா:
விரலுக்கு மாவைவிட நல்லது கிடையாது. மைதா 1 கப், தூள் உப்பு அரை கப், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 4 டீஸ்பூன். கட்டியில்லாமல் கரைச்சு, சிறு தீயில் கிளறுங்க. நாலஞ்சு நிமிஷத்தில் சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும். ஆறினதும் நல்லா பிசையணும்.

சூடா இருக்கும்போதே டப்பாவில் மூடினால் ஆவி தண்ணியா இறங்கி, பிசுபிசுத்து, சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். கல் உப்பு கரையாமல் நறநறக்கும். ஒட்டினால் இன்னும் ஒரு நிமிஷம் அடுப்பில் வைங்க. வெடிச்சால் ரெண்டு சொட்டுத் தண்ணி போதும். மஞ்சள்தூள் கலர் அழகா வரும், துணியில் பட்டால் போகாது.

வெறுமனே உருட்ட விடாதீங்க. முறுக்குத் தடிமனுக்குப் பாம்பு உருட்டி, நுனியிலிருந்து பட்டாணி அளவு கிள்ளி, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணாலும் உருண்டை பிடிக்கணும். பென்சில் பிடிக்கப் போறதும் அதே மூணு விரல்தான். உப்பு அதிகம், வாயில் போடாமல் பார்த்துக்கோங்க.

திண்ணை64:
பல்லாங்குழியைச் சேர்த்துக்கோங்க. 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை. ஆட்ட விதி இப்போ வேண்டாம், ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டே போகட்டும். உள்ளங்கையில் மிச்சத்தை அடக்கி, ஒண்ணை மட்டும் விரல் நுனிக்குத் தள்ளுறது கஷ்டமான வேலை. எண்ணிக்கையும் கூடவே வரும். ஆனால் தம்பி தங்கை 3 வயசுக்குக் கீழே இருந்தால் கொட்டையை எண்ணி எடுத்து, எண்ணி வைங்க. மூக்கிலோ தொண்டையிலோ போய்டும்.

குட்டிம்மா_அம்மா:
ரொம்ப நன்றிங்க. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? டாக்டரைப் பார்க்கணுமா?

மழலைக்கூடம்:
10-15 நிமிஷம். அவன் எழுந்து போனால் அதோட விட்டுடுங்க. முழுக்கைப் பிடிக்காக மட்டும் இப்போ டாக்டர் தேவையில்லை. ஒரு கையை அறவே பயன்படுத்தலை, பட்டன், ஸ்பூன் எதுவுமே முடியலை, 4 தாண்டியும் வட்டம் வரலைன்னா குழந்தை மருத்துவரிடம் காட்டுங்க. தேவைப்பட்டால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் (கை வேலை, அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்) அனுப்புவாங்க.